முடிச்சுக்கு மேலே

ஆபரேஷன் அறைக்குள் ராமக்காளுக்குக் கைகள் மட்டும்தான் உண்டு, வாய் கிடையாது. முதல் நாள் அவளுக்குக் கையுறை மாட்டிவிட்ட நர்ஸ் சுந்தரம்மாள், "இந்தா பாரு, இருமல் வந்தாலும் முழுங்கிக்கிறணும்" என்றாள். பதினைந்து வருஷமாக ராமக்காள் முழுங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

வைகைக்கு வடகரையில் இருந்த சின்ன நர்சிங் ஹோம் அது. பன்னிரண்டு கட்டில். பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனுக்குத் துணையாக டாக்டர்கள் நிற்பார்கள். இங்கே ஆயாக்கள் நின்றார்கள். வயிற்றைத் திறந்ததும் அதன் ஓரத்தை இழுத்துப் பிடிக்க ரிட்ராக்டர் என்று வளைந்த தகடு ஒன்று இருக்கும். அதைப் பிடித்தபடி ஒன்றரை மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். படித்த பெண்கள் அரை மணியில் கை மாற்றுவார்கள். ராமக்காள் மாற்றமாட்டாள். பன்னிரண்டு வயதிலிருந்து அடுத்தவர் வயலில் குனிந்து நாற்று நட்ட உடம்பு. நிமிர்ந்து நின்று செய்கிற வேலை அவளுக்கு ஓய்வு மாதிரி இருந்தது.

கல்யாணமான மூன்றாம் வருஷம் லாரியில் கிளீனராகப் போன புருஷன் திரும்பி வரவில்லை. செத்தானா, வேறு குடும்பம் வைத்துக்கொண்டானா என்று தெரியாது. ஆனையூரில் தம்பி சின்னக்கருப்பன் வீட்டை ஒட்டி ஓர் அறை போட்டுக்கொண்டு தங்கினாள். தம்பி பரவைப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்தான். ஆனையூர் அப்போது பாதி ஊர், பாதி வயல். ராமக்காளின் அப்பாவை வயல்காரர்கள் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டேய்" என்றால் போதும், வந்துவிடுவார். அதே வீட்டுக்காரர்கள் இப்போது மகளுக்குப் பிரசவம் என்றால் ராமக்காள் டூட்டிக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து வந்து நின்றார்கள். "ராமக்காளம்மா, டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க." அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "பாப்போம், வரச் சொல்லுங்க" என்பாள். அந்தப் 'பாப்போம்' சொல்வதற்காக அவள் எதையும் பொறுத்துக்கொள்வாள்.

நர்சிங் ஹோமைக் கட்டிய பெரிய டாக்டரம்மா யாருக்கும் எதையும் சொல்லித் தருகிறவர் அல்ல. வேண்டியதைக்கூடக் கையை நீட்டித்தான் கேட்பார். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கர்ப்பப்பையை எடுக்கும்போது, அதற்குப் போகிற இரத்தக் குழாயைக் கட்டுவதற்கு முன்னால், பக்கத்தில் தெரியும் வெளுத்த குழாய் ஒன்றை இடுக்கியின் நுனியால் மெல்லத் தட்டுவார். தட்டிவிட்டுச் சும்மா நிற்பார். மின்விசிறி இல்லாத அறையில், எல்லோருக்கும் வேர்த்து வழிகிற நேரத்தில், ஒருவரும் மூச்சு விடாமல் நிற்பார்கள். அந்தக் குழாயில் ஒரு சுருக்கம் விழும். விழுந்த சுருக்கம் அப்படியே கீழ்நோக்கி ஊர்ந்து போகும். "போறான்" என்பார் டாக்டரம்மா, தனக்குத்தானே. அதை ஒதுக்கிவிட்டு வேறு இடத்தில் முடிச்சுப் போடுவார்.

முதல் ஒரு வருஷம் அதற்குள் ஏதோ பூச்சி இருக்கிறது என்றே ராமக்காள் நினைத்திருந்தாள். ஒருநாள் துணிகளை வேகவைக்கும்போது சுந்தரம்மாளிடம் கேட்டாள்.

"நாக்குப்பூச்சியாக்கா அது?"

சுந்தரம்மாள் சிரித்துத் தீர்த்தாள். "அடி கூறுகெட்டவளே. கிட்னியில இருந்து மூத்திரப்பைக்கு வர்ற குழாய்டி. யூரேட்டர்னு பேரு."

"அது என்னத்துக்கு நெளியுது?"

"பின்ன மூத்திரம் எப்படி எறங்கும்?"

"தண்ணி தன்னால எறங்காதா?"

"நீ படுத்துக் கெடந்தா மேல ஏது, கீழ ஏது? தலகீழா நின்னாலும் எறங்கும். அந்தச் சதை பிழிஞ்சு பிழிஞ்சு தள்ளுது. நிமிஷத்துக்கு மூணு தடவ, நாலு தடவ. தூங்கினாலும் நிக்காது."

ராமக்காளுக்குப் பால் பீய்ச்சுவது நினைவுக்கு வந்தது. மேல் விரல் முதலில் மூடும், பிறகு அடுத்தது, அடுத்தது. உள்ளே இருப்பது கீழே இறங்கித்தான் ஆகவேண்டும். அவ்வளவுதான் விஷயம் என்று பிடிபட்டுவிட்டது. இரத்தக் குழாய் இருந்த இடத்திலேயே துடிக்கும். இது ஊரும். துடிப்பதைக் கட்டலாம், ஊர்வதைத் தொடக்கூடாது. மூன்றாம் வகுப்போடு நின்ற ராமக்காளுக்கு வயிற்றுக்குள் இருக்கும் சங்கதிகளில் உறுதியாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.

ஒரு தடவை பெரிய டாக்டரம்மாவே தப்பான இடத்தில் முடிச்சுப் போட்டுவிட்டார். ஊர்ந்து வந்த சுருக்கம் முடிச்சு வரை வந்து நின்றது. அவர் கத்தரியை வாங்கி முடிச்சை வெட்டினார். சுருக்கம் அந்த இடத்தைத் தாண்டிப் போகிற வரை பத்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகுதான் வேலையைத் தொடர்ந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. மருமகள் சென்னையில் மேல்படிப்பு முடித்து வந்திருந்தார். கெட்டிக்காரர். மாமியார் ஒன்றரை மணி நேரம் செய்ததை ஐம்பது நிமிஷத்தில் முடித்தார். தட்டுவதும் நிற்பதும் அவரிடம் கிடையாது. சுந்தரம்மாள் ஒருமுறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "எங்க இருக்குன்னு தெரியாதவங்க தட்டிப் பாக்கட்டும்" என்றார் சின்ன டாக்டரம்மா. இரண்டு வருஷம் ஒரு கேஸிலும் தப்பு வரவில்லை. ராமக்காளும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எழுபத்தெட்டு ஐப்பசியில் தம்பி பெண்டாட்டி மலையம்மாளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. முப்பத்து மூன்று வயது. இரண்டு பெண் பிள்ளைகள். எழுமலைக்காரி, கிணற்றடி விவசாயத்தில் வளர்ந்தவள். சோர்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார் சின்ன டாக்டரம்மா. சின்னக்கருப்பனுக்கு மனசில்லை. மூன்றாவதாவது பையனாகப் பிறக்கும் என்று இருந்தான்.

"ஆளு இருந்தாத்தானடா பையன்" என்றாள் ராமக்காள். "அந்தப் புள்ள ரத்தமில்லாம வெளுத்துக் கெடக்கு. நான் பாத்துக்கிறேன். நம்ம எடம்."

மலையம்மாளுக்கும் பயம்தான். "மதினி, நீ உள்ள இருப்பியா?"

"நான்தான பிடிக்கப்போறேன். என்னையத் தாண்டி என்ன வந்துரும்?"

அன்றைக்கு ரிட்ராக்டர் பிடிக்க வேறு ஆயாவுக்கு முறை. ராமக்காள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். மயக்க டாக்டர் தூக்கத்துக்கும் ஓர் ஊசி போட்டுவிட்டு வேறு நர்சிங் ஹோமுக்குப் போய்விட்டார். மலையம்மாளின் நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணியைத் திரையாகத் தொங்கவிட்டார்கள். கட்டி பெரிதாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டிருந்தது. இடது பக்கம் இரத்தம் பீறிட்டது. துணியை வைத்து அழுத்தி, எடுத்து, அழுத்தி, சின்ன டாக்டரம்மா இடுக்கியைக் கொண்டுபோனார். அதன் வாய்க்குள் ஒரு கொத்துச் சதை. அந்தச் சதையின் ஓரத்தில் வெளுத்த குழாய்.

ராமக்காள் நின்ற கோணத்திலிருந்து அது நன்றாகத் தெரிந்தது. மேலே ஒரு சுருக்கம் விழுந்தது. ஊர்ந்து வந்தது.

"அம்மா, அது ஊருதும்மா" என்றாள்.

அந்த அறையில் அவள் பேசிய முதல் வாக்கியம் அது. சுந்தரம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அசையாமப் பிடி" என்றார் சின்ன டாக்டரம்மா.

ராமக்காள் அசையாமல் பிடித்தாள். நூல் இறங்கியது. முடிச்சு விழுந்தது. இரத்தம் நின்றது. டாக்டரம்மா பெருமூச்சு விட்டுவிட்டு வலது பக்கத்துக்குப் போனார். இடது பக்கத்தைப் பார்க்க ராமக்காள் மட்டும்தான் இருந்தாள். மேலிருந்து சுருக்கம் வந்தது, முடிச்சு வரை வந்தது, நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது. நின்றது. வலது பக்கத்தில் முடிச்சு விழுவதற்குள் பதினொன்று எண்ணினாள். பதினொன்றும் அதே இடத்தில் நின்றன.

மூன்றாம் நாள் மலையம்மாளுக்கு இடது விலாவில் வலி பிடித்தது. வந்து வந்து பிடித்தது. பிடிக்கும்போது கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்குவாள். விட்டதும் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். "பிள்ள வலி மாதிரியே வருது மதினி. பெறத்தான் ஒண்ணுமில்ல." சிறுநீர் நன்றாகப் போயிற்று, வலது பக்கம் சரியாக இருந்ததால். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வாயு வலி என்று ஊசி போட்டார்கள்.

ராமக்காள் சுந்தரம்மாளைத் துணி வேகவைக்கும் இடத்தில் பிடித்தாள்.

"அக்கா, அந்தக் குழாயத் தெரியாமக் கட்டிட்டா என்ன ஆகும்?"

"மேல தண்ணி தேங்கும். கிட்னி வீங்கும். வாரம் பத்து நாளைக்குள்ள அவுத்தா பெழச்சுக்கிரும்."

"அவுக்கலைனா?"

"செத்துரும்."

"ஆளா?"

"கிட்னி. இன்னொண்ணு இருந்தா ஆளு இருக்கும்." சுந்தரம்மாள் கொதிக்கிற பாத்திரத்தை மூடினாள். "யாருக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

"சும்மாவெல்லாம் கேக்காத ராமக்கா. எனக்கு ரிட்டயராக ஆறு வருஷம் இருக்கு."

ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் காலையில், நோயாளிகள் வருவதற்கு முன்னால், ராமக்காள் சின்ன டாக்டரம்மாவின் அறை வாசலில் போய் நின்றாள்.

"என்ன?"

"தம்பி பொண்டாட்டிக்கு வலி விடலைங்கம்மா."

"ஊசி எழுதியிருக்கேனே."

"அன்னைக்கு நான் பாத்தேன்ங்கம்மா. இடது பக்கம். ஊந்து வந்துச்சு. முடிச்சுகிட்ட வந்து நின்னு போச்சு."

சின்ன டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். அவர் திட்டுவார் என்று ராமக்காள் எதிர்பார்த்திருந்தாள். திட்டவில்லை. காகிதம் பறக்காமலிருக்க மேஜை மேல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை நகர்த்தி வைத்தார். மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

"நீ எதுவரைக்கும் படிச்சிருக்க?"

"மூணாப்புங்கம்மா."

"யார்கிட்டயாவது சொன்னியா இத?"

"இல்லங்கம்மா."

"உன் தம்பிகிட்ட?"

"யார்கிட்டயும் சொல்லல."

"சரி. போ. நான் பாத்துக்கிறேன்."

'நான் பாத்துக்கிறேன்' என்றதை ராமக்காள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் டாக்டரம்மா மலையம்மாளின் விலாவை அழுத்திப் பார்த்தார். ஊசியை மாற்றி எழுதினார். ஆறாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஏழாம் நாள் ராமக்காளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டு நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை இரண்டு கொடுத்தார்கள். தலைமை ஆயா. இனிமேல் மற்ற ஆயாக்கள் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் லீவு எடுக்க வேண்டும். நர்சிங் ஹோம் ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி ஒரு பதவி இருந்ததில்லை.

எட்டாம் நாள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். மலையம்மாள் வலிக்கு நடுவே பார்த்துவிட்டு, "நர்சம்மா மாதிரியே இருக்க மதினி" என்றாள். ஒன்பதாம் நாள் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ராமக்காள் வீட்டில் இருந்தாள். தம்பி மலையம்மாளுக்குச் சோம்பு வேகவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்லலாம் என்று மூன்று தடவை எழுந்தாள். சொன்னால் அவன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு நர்சிங் ஹோம் வாசலில் போய் நிற்பான். அதற்குப் பிறகு அவள் எந்த வாசலில் போய் நிற்பாள்? மறுபடி களை எடுக்கத்தான் போகவேண்டும். அதே வயலுக்கு, அதே வீட்டுக்காரர்களுக்கு. பத்து நாள் என்பது சுந்தரம்மாளின் கணக்கு, கூடவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை டூட்டிக்குப் போனாள்.

ஆபரேஷன் ஆகி இருபத்து மூன்றாம் நாள் மலையம்மாளுக்கு வலி நின்றது. விடிந்து பார்த்தால் இல்லை. தானாகவே எழுந்து தண்ணீர் தூக்கினாள். சின்னக்கருப்பன் வேண்டிக்கொண்டபடி கருப்பன் சாமிக்குச் சேவல் அறுத்தான். தெருவில் பாதிப் பேருக்குச் சோறு. முதல் இலையை அக்காவுக்குப் போட்டான்.

"அக்கா இல்லைனா இவளப் பாத்திருக்க முடியாது" என்றான் வந்தவர்களிடம்.

வலி ஏன் நின்றது என்று ராமக்காளுக்குத் தெரியும். தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு அந்தக் குழாய் விட்டுவிட்டது. இனித் தள்ளுவதற்கு மேலே ஒன்றும் ஊறவில்லை. இலையில் ஈரலை எடுத்து வைத்தார்கள். சாப்பிட்டாள்.

சின்ன டாக்டரம்மா மாறிவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு கேஸிலும் இடுக்கியின் நுனியால் தட்டினார். தட்டிவிட்டு நின்றார். நிற்கும்போது முகமூடிக்கு மேலே தெரிகிற கண்கள் ஒரு கணம் ராமக்காளிடம் போய்த் திரும்பும். ராமக்காளின் தம்பி பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று அவர் ஒருநாளும் விசாரிக்கவில்லை.

இரண்டரை வருஷம் போயிற்று. எண்பத்தொன்று சித்திரையில் மலையம்மாளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. இப்போது வலது விலாவில் வலி. ராமக்காள் அவளை நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கை நரம்பில் மருந்து ஏற்றி, அது சிறுநீரோடு கலந்து இறங்குவதை ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று வரிசையாகப் படம் எடுத்தார்கள். மறுநாள் டாக்டர் படங்களை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். வயதானவர், பொறுமையானவர். ராமக்காளின் வெள்ளைச் சேலையைப் பார்த்துவிட்டு, வேலை தெரிந்தவளிடம் பேசுகிற மாதிரிப் பேசினார்.

வலது பக்கம் வெள்ளைக் கோடு ஒன்று விட்டு விட்டு இறங்கியது. ஒரு படத்தில் விட்டிருந்த இடம் அடுத்த படத்தில் நிறைந்திருந்தது; வேறோர் இடம் விட்டிருந்தது. "இந்தப் பக்கம் அடைப்பு இல்ல. குழாய் சுருங்குற எடத்துல மருந்து தெரியாது, அம்புட்டுத்தான். கிருமி இருக்கு, மாத்திரையில சரியாப் போகும்." பிறகு இடது பக்கத்தைக் காட்டினார். முதுகெலும்பு இருந்தது, விலா எலும்பு இருந்தது. மற்றபடி கறுப்பு. ஐந்து படத்திலும் கறுப்பு.

"இந்தக் கிட்னி வேலை செய்யல. இவங்களுக்கு ஏதாவது ஆபரேஷன் நடந்துச்சா?"

"கர்ப்பப்பை எடுத்திருக்கு சார்" என்றாள் ராமக்காள்.

"அதுக்குப் பின்னாடி இந்தப் பக்கம் வலி இருந்துச்சா? காய்ச்சல்?"

மலையம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தாள்.

"இல்ல சார்" என்றாள் ராமக்காள். "நான் கூடவேதான் இருந்தேன்."

மலையம்மாள் வாயை மூடிக்கொண்டாள். ராமக்காள் அவள் பக்கம் திரும்பவில்லை.

"அப்ப பிறவியிலேயே சின்னதா இருந்திருக்கலாம். சில பேருக்கு இருக்கும். ஒண்ணு போதும், பயப்பட வேண்டாம். தண்ணி நிறையக் குடிக்கணும்." சீட்டில் அப்படியே எழுதினார்.

அந்தச் சீட்டு சின்னக்கருப்பனுக்கு வசதியாகப் போயிற்று. சமயநல்லூரில் ஒரு பெண் இருப்பதாக மில்லில் யாரோ சொல்லியிருந்தார்கள். பையன் ஆசை அவனை விட்டபாடில்லை. இதுவரை சொல்ல ஒரு காரணம் இல்லாமல் இருந்தது. இப்போது டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார். சோறு உப்பாக இருந்தால், "பொறக்கும்போதே பாதியாப் பொறந்தவகிட்ட என்னத்தக் கேக்குறது" என்பான். வைகாசியில் ஆள் அனுப்பி, அவளுடைய அண்ணன் பேயாண்டியை எழுமலையிலிருந்து வரவழைத்தான்.

பேயாண்டி ஒரு பை நிலக்கடலையோடு வந்தான். வாசலில் பாய் போட்டு நாலைந்து பேர் உட்கார்ந்தார்கள். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ராமக்காள் டூட்டிக்குக் கிளம்பி நின்றவள், தம்பி கூப்பிட்டதால் கதவோரம் நின்றாள்.

"மச்சான், ஒரு மாடு வாங்குனாக்கூடப் பல்லப் பிடிச்சுப் பாத்து வாங்குறோம்" என்று சின்னக்கருப்பன் ஆரம்பித்தான். "பொண்ணுன்னு நம்பிக் கட்டுனேன். மறச்சுட்டீக."

"என்னத்த மாப்ள மறச்சோம்? நாலு ஆளு வேலைய ஒத்தையாப் பாத்தவ அவ. அரைக் கெணத்துத் தண்ணிய ஒரு பொழுதுல எறச்சுருவா. அது ஒத்தக் கிட்னிக்காரி பாக்குற வேலையா?"

"டாக்டர் எழுதியிருக்காரு. நானா எழுதுனேன்?"

"எழுதுன டாக்டர் இவ பொறந்தப்ப எங்க இருந்தாராம்?"

பாயில் ஒருவர் சிரித்தார். சின்னக்கருப்பன் சிரிக்கவில்லை. "இந்தா இருக்கு எங்கக்கா. பதினெட்டு வருஷமா ஆஸ்பத்திரியில இருக்கு. அதுகிட்டயே கேளுங்க."

பேயாண்டி எழுந்து ராமக்காள் பக்கம் திரும்பினான். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டான். "மதினி, நீங்க சொன்னாச் சரி. நான் ஏத்துக்கிறேன். பொறவியா, இடையில வந்ததா?"

தம்பி என்ன கேட்கிறான் என்று ராமக்காளுக்குத் தெரியும். பேயாண்டி என்ன கேட்கிறான் என்றும் தெரியும். இரண்டு பேரும் அவளைத்தான் பார்த்தார்கள். "பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எழுதினா எழுதினதுதான்" என்றாள். "நாம என்னத்தக் கண்டோம்."

"பொறவிதான்ங்கிறீகளா?"

"பொறவிதான்."

அடுப்படியிலிருந்து மலையம்மாள் வந்தாள். கையில் கரி. யாரையும் பார்க்காமல் மதினியிடம் பேசினாள்.

"ஊசி இடுப்புக்குக் கீழதான மதினி. காது நல்லாத்தான் கேட்டுச்சு."

ஒருவருக்கும் விளங்கவில்லை.

"ஊருதும்மான்னு நீ சொன்ன. அசையாமப் பிடின்னு அவுக சொன்னாக. ரெண்டரை வருஷமா எனக்குள்ள அது ஓடிக்கிட்டுக் கெடக்கு. என்ன ஊருதுன்னு தெரியல. பெரிய ஆஸ்பத்திரியில டாக்டர் வலி இருந்துச்சான்னு கேட்டாரு பாரு, இல்லன்னு சொன்னியே, அப்பத்தான் தெரிஞ்சுச்சு."

"அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானத்தா?" என்றான் பேயாண்டி.

"மதினியாச் சொல்லும்னு பாத்தேண்ணே."

சின்னக்கருப்பன் அக்காவைப் பார்த்தான். தன் பத்து வயதில் அம்மா செத்தபின் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். "என்னக்கா சொல்றா இவ?"

தெருவில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ராமக்காள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். குரல் அவளுக்கே ஆச்சரியமாக, வார்டில் பேசுகிற குரலாக வந்தது.

"முதுகு ஊசி போட்டவகளுக்கு இப்படி இருக்கும். கூடவே தூக்க ஊசியும் போடுவாக. பாதித் தூக்கம், பாதி முழிப்பு. என்னென்னமோ பேசுற மாதிரி கேக்கும். எங்க ஆஸ்பத்திரியில ஒருத்தி, செத்துப்போன மாமியா கூப்பிட்டான்னு எந்திரிச்சு உக்காந்துட்டா. அதப் பெருசா எடுத்துக்கக் கூடாது."

பாயில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் தன் மகளுக்கும் அப்படித்தான் ஆனதாகச் சொன்னார். மலையம்மாள் அவள் பேசி முடிக்கிற வரை கேட்டாள். பிறகு உள்ளே போய்த் துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

பத்து மணிக்குள் எல்லாம் பேசி முடித்தாயிற்று. மலையம்மாள் எழுமலையில் இருப்பாள். சின்னவள் அவளோடு. பெரியவள் இங்கே, சோறாக்க ஆள் வேண்டும். பெரியவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். மலையம்மாள் அவள் தலையை வாரி, இறுக்கிப் பின்னி, நுனியில் கட்டிவிட்டாள்.

ராமக்காளும் அவர்களோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். டூட்டிக்குப் போகிற வழிதான். உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடிக்க அவர்கள் முதலில் டவுனுக்குப் போகவேண்டும். டவுன் பஸ் வந்தது. மலையம்மாள் சின்னவளைத் தூக்கிக்கொண்டு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பேயாண்டி மூட்டையை ஏற்றிவிட்டு, படியில் ஒரு காலை வைத்தபடி, ராமக்காளை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மனசுல வச்சுக்கிறாதீக மதினி. மயக்கத்துல கேட்டத நாலு பேரு முன்னாடி வச்சுப் பேசிப்புட்டா. அவளுக்காக நீங்க எம்புட்டு அலஞ்சீகன்னு மாப்ள சொல்லியிருக்காரு."

"பரவால்ல" என்றாள் ராமக்காள். "தண்ணி நெறையக் குடிக்கச் சொல்லுங்க. மறந்துறாம."

"சொல்றேன் மதினி" என்றான் பேயாண்டி. கண்டக்டர் விசில் கொடுத்தார்.